குடைக்காரன் சொன்ன அவுட்

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

டென்னிஸ் ஆட்டத்தில் பந்து உள்ளேயா வெளியேயா என்று கோடு பார்த்துவந்த என் வேலையை இந்த ஆண்டு கேமராவுக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு, வீரர்கள் உட்காரும்போது வெயிலுக்குக் குடை பிடிக்கும் வேலை. நேற்று பந்து வெளியே விழுந்ததும் பழக்கதோஷத்தில் "அவுட்!" என்று கத்திவிட்டேன்.

"யோவ், குடையப் பிடிக்கச் சொன்னா தீர்ப்பு சொல்றியா?" என்றார் மேலாளர். அரங்கமே சிரித்தது. கேமராவும் அவுட் என்றுதான் சொன்னது. அதைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.

இன்று முதல் துண்டு மடிக்கும் அறையில் இருக்கிறேன். நிழல்தான், கவலைப்படாதே. உன் அண்ணனிடம் மட்டும் மூச்சு விடாதே. "எம்.ஏ. படிச்சிட்டு கோடு பாக்கறாராம் மாப்பிள்ளை" என்றவர் அவர்.

சின்ன ரேடியோவை அனுப்பிவை. இங்கே பந்துச் சத்தம் மட்டும் கேட்கிறது. எங்கே விழுகிறதென்று தெரியவில்லை.

ஈரத் துண்டுகள் வந்துவிட்டன.

உன் கணவன்