எரித்து விற்ற திரை

திருத்தணி
12.3.2022

அவருக்கு,

தமயந்தி எழுதுவது. உங்கள் அம்மா நலம். நான் நலமா என்று நீங்கள் கேட்க வேண்டாம்.

போனில் கூப்பிட்டால், "மீட்டிங்ல கீறேன், அப்பால பேசறேன்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால் உங்கள் எண்ணை என் போனில் தடுத்துவிட்டேன். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் காகிதத்தில் எழுதுங்கள். இதைப் பாதியில் வைக்க முடியாது.

நேற்று நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். பெங்களூரில் உங்கள் மொட்டை மாடி, ஒரு இரும்புத் தட்டு, அதன்மேல் விரித்த, பாஞ்சாலி எழுதிய என் கூத்துத் திரை. வெயிலில் காயவைக்கிறார் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் பற்றவைத்தீர்கள். பாஞ்சாலியின் முகம் கறுத்துச் சுருண்டபோது உங்கள் சிநேகிதர்கள் கை தட்டினார்கள். நீங்கள் கேமராவைப் பார்த்துச் சிரித்தீர்கள். கீழே "சர்ப்ரைஸ்" என்று எழுதி ஒரு பூ வேறு.

சோறு குழைந்து அடிப்பிடித்துப் போயிற்று. உங்கள் அம்மா வந்துதான் அடுப்பை அணைத்தார்.

"பெரிய மெஷின்ல போட்டோ புடிச்சிட்டுப் பத்திரமா கொண்டாந்துடறேன்" என்று சொல்லித்தானே எடுத்துப்போனீர்கள்? நானே பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தேனே. பஸ்ஸில் மேலே வைக்காதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேனே. அப்போதே எரிக்கத்தான் கொண்டுபோனீர்களா? இந்த ஒன்றுக்கு மட்டுமாவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

அது என் துணி இல்லை. ஊர்த் துணி. வைகாசியில் தருமராஜா கோயில் கூத்தில் பாஞ்சாலி வேஷம் சபைக்கு வருமுன் இரண்டு பேர் பிடித்து நிற்க வேண்டிய திரை. அம்மையார்குப்பத்தில் இதற்கென்றே ஒட்டுப் போடாமல் அகலமாக நெய்து தந்தார்கள். கடுக்காயிலும் பாலிலும் துணியை ஊறவைத்து, இரும்புத் துருவும் வெல்லமும் சேர்த்துக் கறுப்பு எடுத்து, மூங்கில் கோலால் நான் சித்திரம் எழுதியது. கடைக்கு எழுதும் தலையணை உறையை நீங்கள் என்ன செய்திருந்தாலும் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். கூத்து வாத்தியார் வேடியப்பன் வந்து பார்த்துவிட்டு, "தாயே, இத்த புடிச்சிகினு நின்னா நாங்க ஆடவே வாணாம், சனம் இத்தயே பாத்துகினு இருக்கும்" என்றார். அவர் முகத்தில் நான் இனி எப்படி விழிப்பேன்?

தமயந்தி


பெங்களூரு
19.3.2022

அன்புள்ள தமயந்திக்கு,

டில்லிபாபுவின் அன்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் அனுப்பியிருக்கிறேன்.

உன் கோபம் எனக்குப் பழக்கம்தான். கொஞ்சம் பொறுமையாகப் படி. நான் செய்தது உனக்காகத்தான்.

இதை டோக்கன் என்கிறார்கள். படம் எடுத்து இணையத்தில் போட்டால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தரவிறக்கலாம். ஆனால் டோக்கனாக ஏற்றினால், இந்த ஓவியத்துக்கு இன்னார்தான் சொந்தக்காரர் என்று உலகம் முழுக்க எத்தனையோ கணினிகளில் பதிந்துவிடும். நிலத்துக்குப் பத்திரம் மாதிரி. வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றால், அப்போதும் எழுதியவருக்கு ஒரு பங்கு வரும். கமிஷன் கடைக்காரன் கிடையாது. உன்னை வாசலில் நிற்கவைத்து விலை குறைக்கும் அந்தக் கைவினைக் கடை அம்மா கிடையாது. கோலும் கறுப்பும் பிடிக்கிற ஒருத்தி நேராக உலகத்திடம் விற்கலாம். இது கெட்டதா?

அசல் துணி ஒரு பக்கம், டோக்கன் ஒரு பக்கம் என்று இரண்டும் இருந்தால் மதிப்பில்லை, ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று இங்கே விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். "நெருப்பில் பிறந்தவள் நெருப்புக்கே திரும்பினாள்" என்று நான்தான் எழுதினேன். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் வெளிநாட்டு அம்மா ஒருவர் வாங்கினார். முன்கூட்டியே சொன்னால் நீ விட்டிருக்க மாட்டாய். அதனால் சொல்லவில்லை. வந்த பணம் நம் வீட்டுக்குத்தான். மாடி கட்டலாம், உனக்கு எழுதத் தனி அறை போடலாம்.

கோயிலைப் பற்றிக் கவலைப்படாதே. படம் என்னிடம் இருக்கிறது. பஸ் நிலையத்தருகே ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொல்கிறேன். துணியைவிடப் பளிச்சென்று இருக்கும். மழை பட்டாலும் ஒன்றும் ஆகாது.

போனைத் திற. பேசலாம்.

உன்
டில்லி


திருத்தணி
26.3.2022

அவருக்கு,

ஃப்ளெக்ஸா? கட்சிக்காரன் பிறந்தநாளுக்கும், காது குத்துக்கும், கண்ணீர் அஞ்சலிக்கும் கட்டுவதையா அம்மனுக்கு முன்னால் பிடிக்கச் சொல்கிறீர்கள்?

அஞ்சலி என்ற சொல்லை இரண்டு முறை அடித்துவிட்டு எழுதினேன். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் பஸ் நிலையத்தருகே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் அனிதாவிடம் போனேன். கோபத்தோடுதான் போனேன், ஆனால் நீங்கள் எழுதியிருந்ததில் எனக்கு ஒரு ஆசையும் இருந்தது. பங்கு எழுதியவருக்கு வரும் என்றீர்களே. எழுதியவர் நான்தானே, என் பேர் எந்தக் கணினியிலும் அழியாது என்றால் அதையாவது ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். உண்மையாகச் சொல்கிறேன், அதைப் பார்த்திருந்தால் உங்கள்மேல் பாதிக் கோபம் போயிருக்கும்.

அனிதா நீங்கள் எழுதிய அந்த வரியைப் போட்டுத் தேடி, திரையை விற்ற இணையப் பக்கத்தைத் திறந்தாள். படித்தாள். பிறகு கம்ப்யூட்டரை என் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டாள்.

"இன்னாடி எழுதி கீது?"

"ஒண்ணுமில்லக்கா. நீ வூட்டுக்குப் போ."

"படிடி."

படித்தாள். "இந்தக் கலையின் கடைசி ஓவியர் தமயந்தி. சென்ற ஆண்டு காலமானார். தன் கடைசித் திரையைத் தீயிலிட வேண்டும் என்பது அவருடைய இறுதி விருப்பம். உரிமை: கணவர் டில்லிபாபு."

காலமானேனா? எந்தத் தேதியில்? யார் கொள்ளி வைத்தது? பதினாறாம் நாளுக்கு யார் யார் வந்தார்கள்? சென்ற ஆண்டு தீபாவளிக்கு உங்களுக்கு அதிரசம் சுட்டது யார்?

கடைசி ஓவியராம். காளஹஸ்தியில் என்னோடு பயிற்சி எடுத்தவர்கள் ஒரு பஸ் நிறைய இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்தல்லவா கொன்றிருக்கிறீர்கள்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். மறைத்துவைக்க எனக்குத் தெம்பில்லை. அவரை உங்களுக்குத் தெரியும், இரண்டு பேர் சண்டை போட்டால் நடுவில் போகமாட்டார். உரித்துக்கொண்டிருந்த வேர்க்கடலை முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். "கட்னவள சாவடிச்சி எழுதிட்டு அவன் அங்க சோறு துன்னுகினு கீறானா?" என்றார். அதற்குப் பிறகு நீங்கள் அனுப்பிய தைலத்தைத் தொடவில்லை.

எனக்குப் பணம் வேண்டாம். மாடி வேண்டாம். அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதை மாற்றுங்கள். பிறகு ஊருக்கு வந்து, கோயில் முன்னால் நின்று, என்ன செய்தீர்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

தமயந்தி


பெங்களூரு
2.4.2022

தமயந்திக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன்.

அது வியாபாரத்துக்கு எழுதுகிற வார்த்தை. விளம்பரத்தில் சொல்வதையெல்லாம் யாராவது மெய்யென்று எடுத்துக்கொள்வார்களா? உயிரோடு இருக்கும் ஓவியர் என்றால் நாளைக்கு இன்னொன்று எழுதுவாள் என்று விலை ஏறாது. எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். அம்மாவிடம் போய்ச் சொன்னது உன் தப்பு.

ஒன்று கேட்கிறேன், தட்டாதே. வாங்கிய அம்மாவுக்கு ஏதோ சந்தேகம் வந்திருக்கிறது. கேள்வி கேட்டு மெயில் அனுப்புகிறார். பணத்தைத் திரும்பக் கேட்டால் என்னால் கொடுக்க முடியாது, வேறொன்றில் போட்டுவிட்டேன். அதனால் கொஞ்ச நாளைக்கு உன் படமோ நீ எழுதும் வீடியோவோ எங்கேயும் வர வேண்டாம். பயிற்சி முகாமுக்குப் போகாதே. யாராவது கேட்டால் நீ தமயந்தியின் தங்கை என்று சொல். நிலைமை அடங்கட்டும், பிறகு எல்லாம் சரியாகிவிடும். ஊரில் வந்து நிற்பதெல்லாம் இப்போது முடியாது, லீவு இல்லை.

குடும்பம் ஒன்றுதானே? யார் பேரில் இருந்தால் என்ன?

டில்லி


திருத்தணி
11.4.2022

டில்லிபாபுவுக்கு,

என்னைக் கொன்றது போதாது, பிணம் அசையக் கூடாது என்றும் சொல்கிறீர்கள். இல்லாத தங்கை ஒருத்தியையும் பெற்றெடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக அனிதாவிடம் போனேன். அந்தப் பக்கத்திலேயே வாங்கியவருக்கு எழுத வழி இருக்கிறது. அனிதா எழுதினாள். முந்தாநாள் அந்த வெளிநாட்டு அம்மா வீடியோவில் வந்தார். நரைத்த முடி, பெரிய கண்ணாடி. நான் கோலையும் கறுப்புக் கிண்ணத்தையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஒரு துண்டுத் துணியில் பாஞ்சாலியின் கண்ணை எழுதிக் காட்டினேன். அந்த அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டார். இறந்தவரின் ஆசை என்று எழுதியிருந்ததால்தான் எரித்ததை ஏற்று வாங்கியதாக அவர் சொன்னதை அனிதா எனக்குத் தமிழில் சொன்னாள். திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்கிறார், நீங்கள் கேட்கவில்லை.

டோக்கன் விற்கும் அந்த நிறுவனத்தில் அவர் புகார் கொடுத்துவிட்டார். உங்கள் கணக்கை நிறுத்திவைப்பார்கள் என்றாள் அனிதா. அது அவருக்கும் உங்களுக்கும் இடையில். நான் தலையிடமாட்டேன், காப்பாற்றவும் மாட்டேன்.

இனி எழுதுவதை என்னிடமே வாங்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். டோக்கன்மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. அனிதா என் பேரில் கணக்குத் திறந்து கொடுத்திருக்கிறாள், அதைத் திறக்கும் ரகசியச் சொற்களை நானே வைத்திருக்கிறேன். படத்தைத் தருவேன், துணி ஊரில் இருக்கும், துணியும் இருக்கிறது என்று அந்தப் பக்கத்திலேயே எழுதுவேன் என்றேன். அப்படியானால் யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிக்கட்டும்.

கோயிலில் நானே சொன்னேன். உங்களுக்காகக் காத்திருந்தால் திருவிழாவே முடிந்துவிடும். வேடியப்பன் கேட்டுக்கொண்டே நின்றார். "வுடு தாயே" என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "என்னால தாங்க முடியல தாயே, நான் கெளம்பறேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆனால் மறுநாள் காலையில் வந்தார். "வெள்ளத் துணிய புடிச்சி ஆடறோம். அடுத்த வருசத்துக்கு எழுது. அவசரப்படாத" என்றார். அவர் போன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

வைகாசித் திருவிழாவுக்கு வருவதென்றால் வாருங்கள். இது உங்கள் ஊர், உங்கள் அம்மாவின் வீடு. வந்தால் கோயிலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அப்புறம் படி ஏறுங்கள். சோறு போடுவதா வேண்டாமா என்பது உங்கள் அம்மாவின் இஷ்டம். நான் அந்த வீட்டில் இருக்கமாட்டேன். அனிதாவின் கடைக்குப் பின்னால் ஒரு அறை வாடகைக்குக் கிடைத்தது. வெளிச்சம் நன்றாக வருகிறது. உங்கள் அம்மாதான் வந்து பால் காய்ச்சினார்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். துணியைக் கடுக்காயில் நனைத்துக் காயப் போட்டிருக்கிறேன். வெயில் இறங்குமுன் எடுக்க வேண்டும்.

தமயந்தி
சித்திரத் துணி எழுதுபவர்
திருத்தணி