கலர் தெளியும் வரை

9 ஜூன் 2025
நுரையீரலில் டி.பி.யாம். சாதாரண இருமல் என்று ஆசுபத்திரிக்குப் போனேன், முகக்கவசத்தோடு திரும்பி வந்தேன். ஆறு மாதம் தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை; முதல் வேளை அங்கேயே போட்டாச்சு. வூட்டுக்காரி நசீமா முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள். சுரங்கத்துத் தண்ணீரையே முப்பது வருஷமாக இறைத்துக்கொண்டிருக்கிறவனை ஒரு கிருமி என்னடி செய்யும் என்று அதட்டினேன். படுக்கும்போது மட்டும் இன்னொரு போர்வை கேட்டேன். குளிர்தான். ஜூன் மாதத்துக் குளிர்.

10 ஜூன்
அல்லாஹ்வே! காலையில் பாத்ரூமில் பார்த்தால் செம்மஞ்சள். ஆரஞ்சு மிட்டாயைக் கரைத்து ஊற்றினாற்போல். உள்ளே என்ன உடைந்துபோச்சு? ரத்தமா? கால் மாற்றிச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினேன்.

மாத்திரை கொடுக்கிற அன்புக்கரசி சிரித்துவிட்டது. "மாத்திரையோட கலருங்க அது. வேலைய முடிச்சிட்டு வெளிய வருது. லிவர் ஒரு பங்க மலத்துல தள்ளும், கிட்னி ஒரு பங்க மூத்திரத்துல தள்ளும். வேர்வையிலயும் வரும். அழுவாதீங்க, கண்ணீர்லயும் வரும்" என்றது.

நான் அழுகிற ஆளா?

11 ஜூன்
படுத்துக்கிடந்தபடி ஒரே யோசனை. இது எங்கள் பம்ப் வேலையேதான்! சுரங்கத்தில் ஊறுகிற தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும், விட்டால் குளம். உடம்புக்குள்ளும் அப்படி இரண்டு பம்ப். உள்ளே போன மருந்தைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன, அதனால்தான் மறுநாள் மறுபடி போடவேண்டியிருக்கிறது. டாக்டருக்கே இப்படி விளக்கத் தெரிந்திருக்காது. எட்டாவதோடு நின்றதால் நாட்டுக்கு ஒரு விஞ்ஞானி நஷ்டம்.

9 ஜூலை
மறுபடி ஷிப்ட். போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். கேண்டீனில் கிட்னி பற்றிப் பேசினேன். ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். சரி, ஐந்து பேர். யாருடைய கிட்னி என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெரிய மனிதருடையது என்றேன்.

11 ஆகஸ்ட்
சளியில் கிருமி இல்லை! இனிமேல் யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மாத்திரையை நிறுத்தக்கூடாது.

இன்னொரு சந்தோஷம். சபீஹாவுக்கு நிக்காஹ் தேதி குறித்தாகிவிட்டது. அண்ணன் மகள்; அண்ணனும் மதினியும் இறந்தபின் எங்கள் வூட்டில் வளர்ந்த பிள்ளை. மாப்பிள்ளை வூடு பண்ருட்டி, முந்திரி வியாபாரம். சம்பந்தி அப்துல் வஹீத் அதிகம் பேசாதவர், ஆனால் கண் எல்லாவற்றையும் பார்க்கும். டி.பி. வூடு என்று தெரிந்தால் என்ன ஆகும்? முதலில் ஒரு வூடு சும்மா இருமலைக் கேட்டே திரும்பிப் போனது. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. இங்கேயும் இனி எழுதமாட்டேன்.

5 செப்டம்பர்
சபீஹா நிக்காஹ் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து, "நல்லாருக்கா சின்னத்தா?" என்று இந்தச் சித்தப்பன் முன்னால் நின்றாள். அப்படியே அண்ணன் முகம். முகத்தைத் துடைத்தேன். வெள்ளைத் துண்டில் மஞ்சள்.

அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான்.

6 செப்டம்பர்
மெயின் பஜாரில் காவி நிறத்தில் கைக்குட்டை வாங்கினேன். எந்தக் கலர் வடிந்தாலும் தெரியாது. இந்த மூளை யாருக்கு வரும்!

13 செப்டம்பர்
விடிந்தால் நிக்காஹ். நசீமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நாளைக்கு ஒரு நாளு மாத்திர வேணாங்க. அந்தப் புள்ள வாழ்க்கைங்க." ஒரு நாள்தானே? யோசித்தேன், நிறையவே யோசித்தேன். ஒரு நாள் விட்டால் இன்னொரு நாளும் விடத் தோன்றும், கிருமி பழகிக்கொண்டால் மருந்துக்கு மசியாது என்று அன்புக்கரசி படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறது. பம்புக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா?

மாத்திரை போடுவேன். அழமாட்டேன். முடிந்தது.

14 செப்டம்பர்
தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

மாத்திரை போட்டுக்கொண்டுதான் போனேன். மஹாலில் கூட்டம் — ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அண்ணன் இடத்தில் நான். நிக்காஹ் நடத்திய ஹஜ்ரத் பெண்ணைக் கொடுத்தீரா என்று கேட்க, கொடுத்தேன் என்றேன். குரல் கணீரென்று இருந்தது. கண்ணும் காய்ந்தே இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த நேரத்தில் எல்லோரும் எழுந்து கட்டித் தழுவ ஆரம்பித்தார்கள். சம்பந்தி என்னை இறுக்கிப் பிடித்து, "இனிமே அது எங்க புள்ள" என்றார்.

அவ்வளவுதான். சுரங்கம் உடைந்தது. கைக்குட்டை பாக்கெட்டில் இருக்கிறது, என் இரண்டு கையும் அவர் முதுகில் இருக்கிறது, என் முகமோ அவருடைய பால்வெள்ளை ஜிப்பாவில்! விலகிப் பார்த்தால் தோளில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள்.

அவரும் பார்த்தார். என் கையைப் பிடித்துக் கைகழுவுமிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நசீமா தூரத்தில் செத்த முகத்தோடு நிற்கிறாள். நான் ஆரம்பித்தேன்: குங்குமப்பூ அத்தருங்க, துபாய் சரக்கு, ஷேக்குங்கதான் பூசுவாங்க, மச்சான் ஒருத்தன்...

அவர் தோளைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எத்தினியாவது மாசம் சம்பந்தி?"

என் வாயிலிருந்து துபாய் போய்விட்டது. "நாலாவது" என்றேன்.

"எனுக்கு ரெண்டு வருஷம் முன்ன. எங்க வூட்டு தலகாணி ஒறைங்க இன்னும் இந்தக் கலருதான். உங்க வூட்டுல சொன்னா பொண்ணு குடுப்பாங்களான்னு பயந்துகினு, தரகர்கிட்ட மூச்சு வுடல." குழாயை மூடிவிட்டு, "இன்னிக்கி மாத்திர போட்டீங்களா?" என்றார்.

போட்டேன் என்றேன். என் முதுகில் ஒரு தட்டு. அந்த ஈர ஜிப்பாவோடேயே பிரியாணிக்கு என் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரோ தோளைக் காட்டிக் கேட்டதற்கு, அத்தர் என்றார்.

8 டிசம்பர்
மருந்து முடிந்து எக்ஸ்ரே பார்த்து, சுத்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நசீமா அந்தத் தாளை மடித்துக் குர்ஆன் அலமாரியில் வைத்தாள்.

10 டிசம்பர்
காலையில் கலர் இல்லை. வெறும் தண்ணீர். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? நசீமா திட்டுவாள். பண்ருட்டிக்குப் போன் போட்டேன். சபீஹா எடுத்து மாமனாரிடம் கொடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "தெளிஞ்சிடுச்சா?" என்றார்.

பளிங்கு மாதிரி என்றேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.