தம்பி வாங்கிய போன்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

நேற்று கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனேன். நீயும் பாப்பாவும் இங்கே வந்துவிட, வாடகை வீட்டு முன்பணத்துக்குக் கடன் கேட்கத்தான். "யாருக்கும் பத்து பைசா பாக்கி வச்சதில்ல சார்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். தொப்பைப் பொத்தான் தெறித்து அதிகாரியின் மேசையில் விழுந்தது. பொத்தானை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார், கடன்தான் கொடுக்கவில்லை.

"போன் தவணை நாலு மாசமா கட்டலியே? உங்க கிரெடிட் ஸ்கோர் பாதாளத்துல கிடக்கு. ஒரு வருஷம் தேதி தவறாம கட்டுங்க, பாக்கலாம்" என்றார்.

எனக்கு ஏது தவணை போன்? என்னுடையதை ரப்பர் பேண்டுதானே பிடித்துக்கொண்டிருக்கிறது! பிறகுதான் நினைவு வந்தது, "சும்மா ஒரு கையெழுத்து மாமா" என்று உன் தம்பி என் பேரில் தவணைக்கு வாங்கிய போன். அதிலிருந்துதான் தினமும் எனக்குக் காலை வணக்கம் அனுப்புகிறான், பூப்படத்தோடு!

பழைய பாக்கியை நானே கட்டிவிட்டேன். இனியாவது ஐந்தாம் தேதிக்குள் அவனைக் கட்டச் சொல். வருகிற லீவுக்கு இங்கே வர முடியாது என்று பாப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. உன் பழைய தலையணை உறை ஒன்று அனுப்பு. இங்கே வாங்கியது குத்துகிறது. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

"மறந்துட்டீங்களா?" என்று அதிகாரி கேட்டதற்கு, "ஆமா சார், மறதிக்காரன்" என்று சிரித்து வைத்தேன். கட்டாதவன் என் மச்சினன் என்று மட்டும் சொல்லவில்லை.