போர்டில் என் பெயர்

பெங்களூர்
12.1.1997

அன்புள்ள அம்மாவுக்கு,

தேவகுமாரியின் தோத்திரம். நான் சுகம். உங்கள் முழங்கால் இந்தப் பனிக்கு எப்படி இருக்கிறது?

அம்மா, ஜெயித்துவிட்டோம்! என் தலைமையில் ஐந்து பேர் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம் நேற்று பிசகாமல் ஓடியது. போன வாரம்வரை ஓடவில்லை. பின்தங்குகிறவர் பெயரைப் போர்டில் எழுதுவது இங்கே வழக்கம். தினமும் எங்கள் குழுவிலிருக்கும் சுதாகர் பெயர்தான். நான் அதை அழித்தேன். "உன்ற வரிசை முடிஞ்சா, பின்தங்குனவ வரிசைல எதிர்ப்பக்கமிருந்து பறிச்சுட்டு வா கண்ணு" என்று காப்பித் தோட்டத்தில் சொல்வீர்களே, அதுபோல எல்லாரையும் சுதாகர் வேலையில் உட்காரவைத்தேன். பார்த்தால் அவன் வேலையைத் தடுத்த தப்பு அவனுடையது இல்லை, நான் எழுதிய பகுதியில் இருந்தது! உடனே போர்டில் என் பெயரையே எழுதினேன். அதன்பிறகு ஒருவரும் தப்பை மறைக்கவில்லை. நாலே நாளில் வேலை முடிந்தது.

"இதை எங்கே கற்றுக்கொண்டாய்?" என்றார் மேனேஜர்.

"கொட்டச்சேடு எஸ்டேட்டுலீங்க, எங்கம்மாகிட்ட" என்றேன்.

இனி எல்லாக் குழுவுக்கும் இதுதான் முறையாம்!

ஐந்து பேருக்கும் நம் காப்பிப்பொடி அனுப்புங்கள். பறிக்கப் போகும்போது கட்டுவீர்களே, அந்தச் சேலையில் ஒரு துண்டு கிழித்து, அதில் முடிந்து அனுப்பினால் போதும். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. துணியைத் துவைக்க வேண்டாம், அம்மா.

உங்கள்
தேவகுமாரி