நடுவர் போட்ட பெருக்கல் குறி

ஜாக்சன், டென்னசி

அன்பு மகள் டார்லாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், எனக்கு மட்டும் விடும்போது வலிக்கிறது, விலா எலும்பு இரண்டு முறிந்திருக்கிறது. மல்யுத்தம் ஆடப் போன ஒசாகாவில் நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் பொய்தான் சொல்வாய்.

சனிக்கிழமை சந்தைக் கூடத்தில் லானிக்கும் பக்குக்கும் மல்யுத்தம், நான் நடுவர். யார் ஜெயிப்பது என்பது வழக்கம்போல முன்பே பேசி வைத்ததுதான். பக் லானியைத் தலைகீழாகத் தூக்கித் தொடைகளுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தான். லானியின் தலை ஓர் அங்குலம் கீழே தொங்கியிருக்கிறது, அவ்வளவுதான் தப்பு. உச்சந்தலை பலகையில் இடித்த சத்தத்தோடு சுள்ளி முறிகிற மாதிரி இன்னொரு சத்தமும் கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டதில் வாயெல்லாம் ரத்தம். நான் குனிந்து அவன் கையை அழுத்தினேன். நன்றாக இருந்தால் திருப்பி அழுத்த வேண்டும், உனக்குத் தெரியாததா, அவன் அழுத்தவில்லை. "அண்ணே, காலு எங்க இருக்குன்னே தெரியல" என்றான். ஜனமோ, "எந்திரிடா சோம்பேறி, நடிச்சது போதும்!" என்று கத்துகிறது. எழுந்து இரண்டு கைகளையும் தலைக்குமேல் பெருக்கல் குறியாகப் போட்டேன். நிஜ அடி, நிறுத்துங்கள் என்று அர்த்தம். ஒருத்தனும் அசையவில்லை. போன மாதம் கூட்டத்தை ஏமாற்ற அதே குறியைச் சும்மா போடச் சொன்னார் முதலாளி, நானும் போட்டேனே! இதுவும் அந்த விளையாட்டுதான், நம்மிடம் சொல்ல மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு பக் மேடையைச் சுற்றியிருக்கும் கயிறுகளில் மேலே உள்ளதில் ஏறிவிட்டான். நூற்றிருபது கிலோ ஆள். "வேணாம்டா பக், நிஜம்டா!" என்று அலறினேன். அதையும் நடிப்பு என்று எடுத்துக்கொண்டு குதித்தான். நான் லானியின் மேல் குறுக்கே விழுந்து மறைத்தேன், பக்கின் முழங்கால்கள் இரண்டும் என் விலாவில் இறங்கின. என் வாயிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அந்த முட்டாளுக்குப் புரிந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை மேடையிலேயே உட்கார்ந்து அழுதான். சோம்பேறி என்று கத்தியவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள், ஒவ்வொருத்தன் மூக்கையும் உடைக்கலாம் போல இருந்தது.

லானிக்குக் கழுத்து முறிந்துவிட்டது, இனி நடக்க மாட்டானாம். அம்மா தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் அவனுக்கு ஊட்டிவிட்டு வருகிறாள். "கை மரத்துப்போகுது, தலகாணி சரியில்ல, வேற ஒண்ணுமில்ல" என்று அவன் போன மாதம் நம் வீட்டில் கோழி வறுவல் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், நாங்களும் சிரித்தோம். நேற்று நீ போனில் அம்மாவிடம் அதே தலையணைக் கதையைச் சொன்னாயாம். அடுத்த மாதம் உனக்கு மல்யுத்தப் பட்டப் போட்டி வேறு. போகாதே டார்லா. முதலில் கழுத்தைப் படம் எடுத்துப் பார். பட்டம் எவளுக்கோ போகட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது, இதற்குமேல் எப்படிச் சொல்வது.

கர்த்தர் உன் எலும்புகளைக் காக்கட்டும், அம்மாவின் ஆசியும் உனக்கு. டாக்டர் சொன்னதை அப்படியே எழுது, ஒன்றையும் குறைக்காதே. கடிதத்தின் அடியில் எப்போதும் முத்தமாக ஒரு பெருக்கல் குறி போடுவேன். இந்த முறை போட்டிருப்பது முத்தம் இல்லை.

உன் அப்பா
க்ளே

×