மூன்றாம் மாடிக்கு ஏறாத நீர்

சித்திரை 18, ஞாயிறு.

அரசு கட்டித்தந்த அடுக்ககத்தில் நீரேற்றும் பொறி பழுதாகிவிட்டது. பராமரிப்பு குடியிருப்போர் பொறுப்பு என்பது விதி. எல்லா வீடும் பங்கு தரவேண்டுமென்று மாலைக் கூட்டத்தில் முழங்கினேன். கைதட்டினார்கள். தரைத்தளத்து மாதம்மாள் எழுந்தார்.

"நல்லாத்தான் பேசறீங்கண்ணா. எங்களுக்குத் தெருக்குழாயிலயே தண்ணி வருதுங்க. மேல இருக்கறவங்க மோட்டாருக்கு நாங்க ஏங்க தரணும்?"

தரைத்தளத்தார் சிரித்தனர்.

அப்போது மூன்றாம் மாடி ஆரோக்கியமேரி, நடக்கவியலாத கணவரைத் தாங்கியபடி படியிறங்கி வந்தார்.

"குலுக்கல்ல எங்களுக்கு மேல் வூடு விழுந்துருச்சுங்க. இவரைக் குளிப்பாட்டக்கூடத் தண்ணியில்ல. ஏரிக்கரைக்கே போறோமுங்க."

ஏரிக்கரையில் இருந்த அவர்கள் குடிசையை இடித்துவிட்டுத்தான் அரசு இவ்வீட்டைத் தந்தது.

மாதம்மாளே ஓடிவந்து, ஆரோக்கியமேரியின் கணவரது மறுதோளைத் தாங்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். பங்கு மட்டும் தர இசையவில்லை.