ஆமினாவின் இரண்டாவது தாடை

அருமை மகள் ஆமினாவுக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் இங்கே நானும் வாப்பாவும் நலம், வாப்பாவின் கழுத்து மட்டும் நலமில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். மலாக்காவில் நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் நலமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். உன் கடிதம் வந்தது. மாப்பிள்ளை உலாந்தாக் கும்பனி வெள்ளைக்காரரிடம் பெரிய நிலைக்கண்ணாடி வாங்கி வந்ததும், அதில் உன் தாடைக்குக் கீழே இன்னொரு தாடை தெரிந்ததும், அவர் சிரித்ததும், அன்று முதல் நீ சோற்றை விட்டு எலுமிச்சைச் சாறு குடித்து, இரவில் தாடையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பதும், பால் போதாமல் பிள்ளை அழுவதும் எல்லாம் படித்தேன். தாடையைத் துணியால் கட்டுவது யாருக்கு என்று உனக்குத் தெரியாதா மகளே, இன்றே அவிழ்த்துப் போடு.

அந்த இரண்டாவது தாடை ஏன் வருகிறது என்று உனக்காக விசாரித்தேன். உடம்பு பூசினால் வரும், வயதாகித் தோல் தளர்ந்தால் வரும், எந்நேரமும் குனிந்தே இருந்தால் வரும், வம்சத்தில் இருந்தால் ஒல்லிப் பிள்ளைக்கும் வரும் என்று நாடி பார்க்கும் ஹக்கீம் கௌஸ் மைதீன் தாடியை நீவிக்கொண்டே சொன்னார். அந்தத் தாடிக்குள் எத்தனை தாடை இருக்கிறதோ, நான் கேட்கவில்லை. உன் வாப்பா வீட்டில் எல்லோருக்கும் உண்டு, ஆகையால் பாதி உனக்குச் சீதனமாக வந்தது, மீதி உன் பேறுகாலத்துக்கு நான் கொடுத்தனுப்பிய நெய். பால் கொடுக்கும்போது குனிந்து பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய், எந்தக் கழுத்தும் மடியத்தான் செய்யும். கோட்டைக்குப்பத்திலிருந்து இறால் கொண்டு வரும் முனியம்மாள் இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் கூடையே சரிந்தது. எங்க குப்பத்துல யாருக்கும் அது இல்ல பீவி, கூடை தூக்குற கழுத்து எங்க மடியும், உம் பொண்ணுக்கு வேணாம்னா இன்னா, எனக்குக் குடுத்தனுப்பச் சொல்லு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இங்கே கதை வேறு. கோட்டைக்கு வந்திருக்கும் புதுத் துரைக்குக் கழுத்தே கிடையாது, கஞ்சி போட்ட கழுத்துப்பட்டையின் மேல் தாடை படிபடியாக உட்கார்ந்திருக்கிறது. துணி ஒப்பந்தம் கொடுக்கும்போது வியாபாரியின் தாடையைப் பார்த்துத்தான் அவர் செழிப்பை எடை போடுகிறார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். உடனே நம் தெருக்காரர்கள் எல்லோரும் தாடையை மார்பில் அழுத்தி மடிப்பு வரவழைத்துக்கொண்டு கோட்டைக்குப் போகிறார்கள். உன் வாப்பாவும் போனார், தாடையை அழுத்திக்கொண்டு கண்ணை மட்டும் துரை மேல் உயர்த்தியபடி நடந்து, காலடியில் கிடந்த துரையின் நாயை மிதித்துவிட்டார். ஒப்பந்தம் போயிற்று, கழுத்து பிடித்துக்கொண்டது, நான் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் துரையோ படம் எழுதுகிறவனை வரவழைத்து, ஊரிலிருக்கும் தன் தாய்க்கு அனுப்ப ஒற்றைத் தாடையோடு எழுதச் சொல்லியிருக்கிறாராம். மகன் நன்றாகச் சாப்பிடுகிறான் என்று தெரிந்தால் பெற்றவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும், அதைப் போய் மறைக்கிறார்.

மாப்பிள்ளையிடம் சண்டை போடாதே, நிக்காஹ் அன்று பூமாலை அவர் தாடையில்தான் தங்கி நின்றது, அந்தக் கண்ணாடியில் அவரையும் ஒரு தரம் பார்க்கச் சொல். ஆனால் இதை மட்டும் கேள். நீ பிறந்த மறு வருஷம் மழை பொய்த்தது. சுற்றுப்பட்டு ஜனங்கள் அரிசிக்காகத் தங்களையே விற்றுக்கொண்டு கும்பனிக் கப்பலில் ஏறினார்கள். அன்றிருந்த துரையின் கழுத்தைத் தவிர பழவேற்காட்டில் வேறெந்தக் கழுத்திலும் மடிப்பில்லை. நீ என் மடியில் கிடந்தாய், உன் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே ஒன்றுமில்லை, எனக்கும் பால் இல்லை. என் பிள்ளை கழுத்தில் ஒரு விரல் சதையைப் போடு ரப்பே என்று அழுது துஆ கேட்டேன். அவன் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்திருக்கிறான். நான் கேட்டு வாங்கியதை நீ பட்டினி கிடந்து திருப்பிக் கொடுக்காதே.

இந்தக் கடிதத்தோடு நகுதா அப்துல் ஹை ஓட்டி வரும் கப்பலில் மடவைக் கருவாடும் நெய்யும் வருகின்றன. முதலில் சோறு, அழுகை பிறகு. கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வை. உன் மடியையும் வீட்டையும் அல்லாஹ் நிறைத்து வைப்பானாக, ஆமீன். பிள்ளையின் கழுத்தில் மடிப்பு விழுந்துவிட்டதா என்று மறக்காமல் எழுது.

உன் உம்மா
பரக்கத் பீவி
பழவேற்காடு